தலையெழுத்தும் டாக்டர் படிப்பும்

(டாக்டர் படிப்பில் சேர விரும்பும் கல்லூரி மாணவர்களும் அவர்களது பெற்றோர்களும் கூடிய கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இங்கு கூடியிருக்கும் வாலிபர்களில் பெரும்பாலோர் கல்லூரியில் பி.எஸ்ஸி. முதலிய வகுப்புகளில் படித்துக்கொண்டே, டாக்டர் படிப்புக்கான நுழைவுப் பரீக்ஷைக்கும் தயார் செய்துவருகிறவர்கள் என்று தலைவர் சொன்னார். சிலர் ஒரு தடவை எழுதி இடம் கிடைக்காதவர்கள், சிலர் இரண்டு தடவை எழுதினவர்கள் என்றும் சொன்னார். நான் டாக்டர் அல்லன். நோயாளியாக ஆஸ்பத்திரிக்குப் போன அனுபவத்தைத் தவிர வைத்தியத்தில் எனக்கு வேறு யோக்கியதை எதுவும் கிடையாது. ஆகையால் நான் சொல்லுவது எதையும் நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். உங்கள் அறிவைக்கொண்டு சோதித்துப் பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

நான் உள்ளே வரும்போது வாசலில் ஒரு தாயார் என்னை நிறுத்தி, "ஐயா, எங்க பையன் ராத்திரி பகலாப் படிக்கிறான். ரெண்டு வருஷமா எழுதறான். டாக்டர் ஆகிற எழுத்து அவன் தலையிலே இல்லீங்க. நீங்க பார்த்து வேறே வழியைச் சொல்லுங்க" என்றார்கள். அந்த அம்மாள் கண் கலங்கினதைப் பார்த்து எனக்கு மிக வருத்தமாயிருந்தது. பேசுவதற்கென்று நான் யோசித்து வந்தது வேறு. அந்த அம்மாளுக்குப் பதில் சொல்லாமல் வேறு பேசுவது நியாயமல்ல என்று பட்டதால் அதையே இன்றைய பேச்சாக வைத்துக்கொள்ளுகிறேன்.

தலையில் இருப்பது எழுத்தா?

தோழர்களே! தலையெழுத்து என்று நம்மவர்கள் சொல்லுவது வெறும் வாய்ப்பேச்சல்ல. கிராமங்களில் மண்டையோட்டைப் பார்த்தவர்கள், அதன்மேல் கோணல்மாணலாக ஓடும் கோடுகளைக் காட்டி, "இதோ பார், பிரமன் எழுதின எழுத்து" என்று சொல்லுவது உண்டு. அக்கோடுகள் இருப்பது வாஸ்தவம். நீங்கள் டாக்டர் படிப்பில் சேர்ந்தால் முதல் வருஷத்திலேயே உங்கள் கையில் ஒரு மண்டையோட்டைக் கொடுத்து அக்கோடுகளைப் பற்றித்தான் கேட்பார்கள். அவை எழுத்தல்ல, எலும்புகளின் தையல். மண்டையோடு ஒரே எலும்பால் ஆனதல்ல. பல எலும்புத் தகடுகள் ஒன்றோடொன்று பல்லுக்குப் பல் கோத்ததுபோல் சேர்ந்திருக்கின்றன. குழந்தை பிறக்கும்போது இத்தகடுகள் இறுகாமல் இருப்பதால்தான் தலை சற்று நெருங்கி நெளிந்து வெளிவர முடிகிறது. பிறந்தபின் மூளை வளர வளர மண்டையும் விரிய முடிகிறது. பாட்டிமார்கள் எண்ணெய் வைக்கும் உச்சிக்குழி, இத்தகடுகள் இன்னும் சேராத இடமே. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயதுவாக்கில் அது மூடிவிடுகிறது.

ஆகவே தலையெழுத்து என்று நாம் பயந்துகொண்டிருக்கும் கோடுகள், மூளை வளருவதற்காக விடப்பட்ட இடைவெளியின் அடையாளம். "இதற்குமேல் நீ வளரமாட்டாய்" என்று எழுதியிருப்பதாக எந்தக் கோட்டைக் காட்டினார்களோ, அந்தக் கோடு "வளருவதற்கு இடம் விட்டிருக்கிறது" என்பதற்குச் சாக்ஷி. இந்தக் கோடு குருக்கள் மண்டையிலும் உண்டு, குப்பை அள்ளுகிறவர் மண்டையிலும் உண்டு. மண்டையோட்டைப் பார்த்து இது இன்ன ஜாதியான் மண்டை என்று சொல்லக்கூடிய டாக்டர் இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை.

வாசலில் நின்றவர்கள்

அப்படியானால் சிலர் டாக்டர் ஆகிறார்களே, பலர் ஆகமுடியவில்லையே, காரணம் என்ன என்று கேட்பீர்கள். டாக்டர் படிப்புக்கு ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலை மனிதன் கட்டினான். யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்பதும் மனிதன் செய்த ஏற்பாடு. மனிதன் செய்த ஏற்பாடானதால் மனிதனால் மாற்றப்பட்டும் வந்திருக்கிறது. சில சங்கதிகளை மாத்திரம் சொல்லுகிறேன்.

ஜேம்ஸ் மக்கூன் ஸ்மித் என்பவர் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 1813இல் அடிமையாய்ப் பிறந்த நீக்ரோ. படிப்பில் கெட்டிக்காரர். ஆனாலும் கருப்பர் என்கின்ற ஒரே காரணத்தால் அமெரிக்கக் கல்லூரிகள் அவரைச் சேர்க்க மறுத்துவிட்டன. அவர் கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போய் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் 1835இல் பி.ஏ.யும், 1836இல் எம்.ஏ.யும், 1837இல் டாக்டர் பட்டமும் பெற்றார். அமெரிக்க நீக்ரோக்களில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவரே. அக்காலத்தில் மண்டையோட்டின் மேடு பள்ளத்தைத் தடவிப் பார்த்து ஒருவனுடைய புத்தியையும் குணத்தையும் சொல்லிவிடலாம் என்று ஒரு "சாஸ்திரம்" அங்கே உலாவிற்று. நம் ஊர் தலையெழுத்துக்கு அது வெள்ளைக்காரத் தம்பி! ஸ்மித் நியூயார்க்குக்குத் திரும்பி வந்ததும் செய்த காரியங்களில் ஒன்று, அந்தச் சாஸ்திரம் புரட்டு என்று மேடையேறிப் பேசியதாகும்.

எலிஸபெத் பிளாக்வெல் என்னும் பெண்மணி 1847இல் அதே நாட்டில் பல வைத்தியக் கல்லூரிகளுக்கு மனுப் போட்டார். எல்லாம் மறுத்தன. ஜெனீவா என்னும் ஊரிலிருந்த கல்லூரி மாத்திரம், "பெண்ணைச் சேர்க்கலாமா?" என்று தன் மாணவர்களையே ஓட்டுப் போடச் சொல்லிற்று. அவர்கள் இதை யாரோ செய்த வேடிக்கை என்று எண்ணிச் "சேர்க்கலாம்" என்று ஓட்டுப் போட்டுவிட்டார்கள். வேடிக்கையாகத் திறந்த கதவு வழியாக நுழைந்து 1849இல் அவர் பட்டம் வாங்கினார்.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னை வைத்தியப் பள்ளி 1835இல் தொடங்கிற்று. பெண்கள் அதன் உள்ளே கால் வைக்க 1875 வரையில், அதாவது நாற்பது வருஷம், ஆயிற்று. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமியை எடுத்துக்கொள்ளுங்கள். தாயார் தேவதாசி மரபு என்று ஒதுக்கிவைக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். இந்தப் பெண் வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் பரீக்ஷையில் தேறினபின், ஆண்களே படித்த மகாராஜா கல்லூரியில் சேர மனுச் செய்தார். ஆண்பிள்ளைகளின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று பெரிய மனிதர்கள் கூச்சல் போட்டார்கள். மகாராஜா கேட்கவில்லை, சேர்க்க உத்தரவு போட்டார். திரைக்கு இந்தப்புறம் உட்கார்ந்து பாடங்கேட்டு, கல்லூரிப் படிப்பை முடித்து, 1907இல் சென்னை வைத்தியக் கல்லூரிக்குப் போய், 1912இல் டாக்டரானார். அந்தப் பெண்ணே பிற்காலத்தில் சட்டசபையின் உபதலைவராயிருந்து தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவரும், அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954இல் ஏற்படக் காரணமாயிருந்தவருமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள்.

முத்துலட்சுமிக்குப் படிப்பு இருந்தது, உழைப்பு இருந்தது. ஆனால் கல்லூரிக் கதவைத் திறக்கும் ஒரு உத்தரவு இல்லாவிட்டால் அந்தப் படிப்பும் உழைப்பும் புதுக்கோட்டைத் தெரு ஒன்றின் அடுப்பங்கரையிலேயே முடிந்திருக்கும். முடிந்திருந்தால் ஊரார் என்ன சொல்லியிருப்பார்கள்? "அவள் தலையெழுத்து" என்றுதானே?

அமெரிக்கா கற்பிக்கும் பாடம்

நிற்க, "தகுதி பார்க்கவேண்டாமா? உயிரோடு விளையாடும் தொழிலாயிற்றே" என்று ஒரு ஆக்ஷேபணை உண்டு. பார்க்கவேண்டியதுதான். நமக்கும் வயிறு கிழிக்கிறவர் படித்தவராயிருக்கவேண்டும் என்கிற ஆசை இல்லாமலில்லை. ஆனால் தகுதி என்பது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

இன்றைக்கு அமெரிக்காவில் டாக்டர் படிப்புக்குப் போகிறவன் பெரும்பாலும் முதலில் நாலு வருஷம் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்குகிறான். அந்த நாலு வருஷத்தில் உயிரியலும், ரசாயனமும், பௌதிகமும் ஆய்வுக்கூடத்தோடு படிக்கவேண்டும். பிறகு "எம்கேட்" என்கிற பரீக்ஷை. அதில் நாலு பகுதி. இரண்டு பகுதி விஞ்ஞானம். ஒரு பகுதி மனித மனத்தையும் சமூகத்தையும் பற்றியது. மற்றொன்றில், முன்பின் பார்த்திராத ஒரு கட்டுரையைக் கொடுத்து, எழுதினவன் என்ன சொல்லுகிறான், அவன் வாதம் நிற்குமா என்று கேட்கிறார்கள். அதாவது டாக்டராக வருகிறவனுக்கு யோசிக்கத் தெரியுமா என்றும், அவன் மனிதரை அறிந்தவனா என்றும் பார்க்கிறார்கள். இது நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இந்த ஏற்பாடு வந்த வழியையும் பாருங்கள். 1910இல் பிளெக்ஸ்னர் என்பவர் அந்நாட்டு வைத்தியக் கல்லூரிகளை எல்லாம் சுற்றிப் பார்த்து ஒரு அறிக்கை எழுதினார். காசு வாங்கிக்கொண்டு பட்டம் விற்ற கடைகள் பல அதனால் ஒழிந்தன. கல்லூரியில் விஞ்ஞானம் படித்தவனே வைத்தியம் படிக்கலாம் என்கிற வழக்கமும் உறுதிப்பட்டது. ஜனங்களுக்கு நன்மைதான். ஆனால் அன்று நீக்ரோக்களுக்கென்று இருந்த வைத்தியக் கல்லூரிகள் ஏழு. அவற்றில் இரண்டை மாத்திரம் வைத்துக்கொண்டால் போதும் என்று அவ்வறிக்கை சொல்லிற்று. 1923க்குள் மற்ற ஐந்தும் மூடப்பட்டன. வெள்ளையர் கல்லூரிகளோ பெரும்பாலும் நீக்ரோவை உள்ளே விடமாட்டா. பிறகு, "நீக்ரோக்களில் டாக்டர்கள் ஏன் இவ்வளவு குறைவு?" என்று அந்நாட்டார் கேட்டால் அக்கேள்விக்கு யார் பதில் சொல்லவேண்டும்?

ஏணியை உயரமாக்குவது தப்பல்ல. ஏணியின் கீழ்ப்படிகளை ஒருவனுக்கு மாத்திரம் பிடுங்கிவிட்டு, "அவனுக்கு ஏறத் தகுதியில்லை" என்று சொல்லுவதுதான் அயோக்கியத்தனம். தயார் செய்துகொள்ள வசதி கொடுக்காமல் தகுதி கேட்பது, நீச்சல் தெரிந்தபிறகு ஆற்றில் இறங்கு என்று சொல்லுவதற்குச் சமம்.

நம் நாட்டுச் சங்கதி

இங்கே நடந்ததும் அதுதான். தலைமுறை தலைமுறையாகச் சிலருக்கே படிப்பு என்று வைத்திருந்த நாட்டில், சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உத்தரவு போட்டார்கள். 1950இல் வைத்தியக் கல்லூரி, என்ஜினீரிங் கல்லூரி இடங்களைப் பதினாலு பதினாலாகப் பங்கிட்டு, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 1, முஸ்லிமுக்கு 1 என்று கொடுத்துவந்தார்கள். இது செல்லாது என்று சென்னை ஹைக்கோர்ட் 1950 ஜூலையிலும், சுப்ரீம் கோர்ட் 1951 ஏப்ரலிலும் தீர்ப்புச் சொல்லின. வைத்தியக் கல்லூரி இடம் பற்றி வழக்குப் போட்ட அம்மையார், அக்கல்லூரிக்கு மனுவே போடவில்லை என்பது அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. தென்னாட்டில் பெரியார் கிளர்ச்சி செய்தார். 1951 ஜூனில் அரசியல் சட்டத்தையே முதன்முதலாகத் திருத்தி, பின்தங்கியவர்களுக்குப் படிப்பில் தனி ஏற்பாடு செய்யலாம் என்று எழுதவேண்டி வந்தது.

அதற்குப் பின்னும் வாசல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1984இல் தமிழ்நாட்டில் நுழைவுப் பரீக்ஷை வந்தது. 2006ஆம் வருஷத்துச் சட்டத்தால் அது போயிற்று. 2007 முதல் பன்னிரண்டாவது வகுப்பு மார்க்கைக்கொண்டே சேர்த்தார்கள். 2017 முதல் "நீட்" பரீக்ஷை வந்தது. அதிலிருந்து விலக்கு வேண்டுமென்று நமது சட்டசபை 2021இல் மசோதா நிறைவேற்றிற்று. ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லையென்று 2025இல் முதலமைச்சர் சபையில் அறிவித்தார்.

இவற்றுள் ஒன்றை மாத்திரம் நீங்கள் மறக்கக்கூடாது. நீட் வந்தபின் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளில் சர்க்கார் வைத்தியக் கல்லூரிக்குப் போனவர்கள் கைவிரலால் எண்ணக்கூடியவர்களாய் இருந்தார்கள். 2020இல், ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு நூற்றுக்கு ஏழரை இடம் என்று சட்டம் செய்தார்கள். அதே வருஷத்தில் நூற்றுக்கணக்கான சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் டாக்டர் படிப்பில் சேர்ந்தார்கள். கூலிக்காரர் பிள்ளைகள், நெசவாளர் பிள்ளைகள், தகப்பனில்லாத பிள்ளைகள்.

இப்போது அந்தத் தாயாரைக் கேட்கிறேன். அம்மா! 2019இல் இந்தப் பிள்ளைகளின் தலையில் டாக்டர் எழுத்து இல்லை. 2020இல் வந்துவிட்டது. பிரமன் ஒரே வருஷத்தில் நூற்றுக்கணக்கான மண்டைகளைச் சுரண்டி அழித்துவிட்டு மறுபடி எழுதினானா? அல்லது சென்னைக் கோட்டையில் உட்கார்ந்து மனிதர்கள் ஒரு காகிதத்தில் எழுதினார்களா? எந்த எழுத்து பிள்ளையை டாக்டராக்கிற்று என்று நீங்களே சொல்லுங்கள். (கரகோஷம்)

தயாராவது எப்படி?

வாசலை மாற்றுவது நாம் எல்லோரும் கூடிச் செய்யவேண்டிய காரியம். ஆனால் வாசல் மாறும் வரையில் மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிற வாசலிலும் முட்டித்தான் ஆகவேண்டும். முட்டுவதைப் புத்தியோடு முட்டவேண்டும்.

2025ஆம் வருஷத்து முறைப்படி அந்தப் பரீக்ஷையில் 180 கேள்வி, 180 நிமிஷம், 720 மார்க்கு. அதில் பௌதிகம் 45, ரசாயனம் 45, உயிரியல் 90. ஆகவே பாதி மார்க்கு உயிரியலில் இருக்கிறது. பி.எஸ்ஸி.யில் தாவரமோ விலங்கியலோ படிக்கிறவர்களுக்கு அந்தப் பாதி தினமும் பழகும் பாடம். அதை அலட்சியம் செய்துவிட்டு, கஷ்டமான கணக்கிலேயே பொழுதைப் போக்குவது யுக்தியல்ல.

சரியான விடைக்கு நாலு மார்க்கு, தப்பான விடைக்கு ஒரு மார்க்கு பிடித்தம். விடை தெரியாதபோது கோவிலில் பூக்கட்டிப் பார்ப்பதுபோல நாலில் ஒன்றைத் தொட்டுவிடுகிறவர்கள் உண்டு. இந்தப் பூக்கட்டுதலுக்கு என்ன பலன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றுமே தெரியாத நாலு கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை போட்டால், சராசரியில் ஒன்று சரியாகும், மூன்று தப்பாகும். நாலு வரும், மூன்று போகும். மிச்சம் ஒரு மார்க்கு. அதே நாலு கேள்வியிலும் "இந்த இரண்டு விடை நிச்சயமாகத் தப்பு" என்று தள்ளுகிற அளவுக்கு அறிவு இருந்தால், சராசரியில் இரண்டு சரியாகும், இரண்டு தப்பாகும். எட்டு வரும், இரண்டு போகும். மிச்சம் ஆறு. முழுதும் தெரிந்தால் பதினாறு. பார்த்தீர்களா? அதிர்ஷ்டம் கொடுப்பது ஒன்று. அரை அறிவு கொடுப்பது ஆறு. முழு அறிவு கொடுப்பது பதினாறு. பேனாவைச் சாமி காலில் வைத்து எடுத்துப்போவதற்குச் செலவாகும் ஒரு காலைப்பொழுதில் ஒரு பழைய கேள்வித்தாளைப் போட்டுப் பார்த்தால், ஆறு பதினாறாக வழியுண்டு.

படிக்கும் முறையிலும் மூடநம்பிக்கை உண்டு. ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை வாசித்தால் மனதில் நிற்கும் என்பது அதில் ஒன்று. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஒரு ஆராய்ச்சியில் மாணவர்களை இரண்டு விதமாகப் படிக்கச் சொன்னார்கள். ஒரு சாராரைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். மற்றொரு சாராரைப் புஸ்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திக்கொண்டார்கள். பரீக்ஷை ஐந்து நிமிஷம் கழித்து வருவதல்லவே! ஆகையால் படித்ததை மூடிவைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள், எழுதிப் பாருங்கள், தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுங்கள். எப்பிங்ஹாஸ் என்கிற ஜெர்மானியர் தம்மையே சோதனை செய்து 1885இல் எழுதினது மற்றொன்று. படித்தது வெகு சீக்கிரம் மறக்கும் என்றும், இடைவிட்டு இடைவிட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கும் என்றும் அவர் கண்டார். ஆகவே ஒரே நாளில் எட்டு மணி நேரம் ஒரு பாடத்தைப் போட்டு உருட்டுவதைவிட, நாலு நாளைக்கு இரண்டிரண்டு மணியாகப் படிப்பது மேல். தப்பான விடைகளுக்கென்று தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாம் எங்கே தப்புகிறோம் என்று ஜோசியன் சொல்லமாட்டான், அந்த நோட்டு சொல்லும். தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தூங்காத மூளை படித்ததைப் பிடித்துவைக்காது.

கல்லூரிப் படிப்பையும் கைவிடவேண்டாம். இந்தப் பரீக்ஷை எழுத மேல் வயது வரம்பு இல்லையென்று 2022இல் செய்துவிட்டார்கள். ஆகையால் பட்டம் வாங்கின பிறகும் எழுதலாம். பட்டம் கையில் இருந்தால், டாக்டர் இடம் கிடைக்காவிட்டாலும் ஆராய்ச்சி, ஆய்வுக்கூடம், பொதுச் சுகாதாரம் என்று வழிகள் இருக்கின்றன. ஒரே கதவைப் பார்த்துக்கொண்டு மற்றக் கதவுகளுக்கெல்லாம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுகிறவன் கெட்டிக்காரன் அல்லன்.

அறிவைத் தயார் செய்தல்

மார்க்குக்குத் தயார் செய்வதோடு நிற்கக்கூடாது. டாக்டர் தொழிலுக்கு வேண்டிய அறிவு எது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறேன். வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும், மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். படித்த டாக்டர்கள் பார்த்த பகுதியில்தான் தாய்மார்கள் ஏராளமாகச் செத்தார்கள். 1846இல் நூற்றுக்கு 11 பேருக்கு மேல்! காரணம் தெரியாமல் எல்லோரும் ஏதேதோ சொன்னார்கள். பாதிரியார் மணியடித்துக்கொண்டு அந்தப் பகுதி வழியாகப் போகிறார், அந்தப் பயத்தில்தான் சாகிறார்கள் என்பது ஒரு அபிப்பிராயம். ஸெம்மல்வைஸ் என்கிற இளம் டாக்டர் அதைச் சிரித்துத் தள்ளவும் இல்லை, நம்பிவிடவும் இல்லை. பாதிரியாரை வேறு வழியாக, மணியடிக்காமல் போகச் சொல்லிப் பார்த்தார். சாவு குறையவில்லை. ஆகவே மணி காரணமல்ல என்று தள்ளினார். பிறகு, மாணவர்கள் பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வருகிறார்கள் என்பதைக் கவனித்தார். 1847இல் குளோரின் சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவிவிட்டு வரச் சொன்னார். 1848இல் சாவு நூற்றுக்கு 1 என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

கவனியுங்கள். அவர் செய்தது எண்ணிப் பார்த்தது, ஒன்றை மாற்றிப் பார்த்தது, மறுபடி எண்ணிப் பார்த்தது, இவ்வளவுதான். ஆனால் அந்தக் காலத்துப் பெரிய டாக்டர்கள் பலர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நம் கையால் தாய்மார்கள் செத்தார்கள் என்று ஒப்புக்கொள்ள அவர்களுடைய கௌரவம் இடங்கொடுக்கவில்லை. பட்டம் இருந்தும் பகுத்தறிவு இல்லாவிட்டால் டாக்டர் கையும் விஷமாகிவிடும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஆகையால் வாலிபர்களே! இப்போதிருந்தே பழகிக்கொள்ளுங்கள். யார் என்ன சொன்னாலும், "எண்ணிப் பார்த்தாயா? மாற்றிப் பார்த்தாயா?" என்று கேளுங்கள். வாத்தியாரைக் கேளுங்கள், இந்தப் பேச்சாளனையும் கேளுங்கள். ராகுகாலம் பார்த்து ஹால் டிக்கெட் எடுக்கிறவன் நாளைக்கு ராகுகாலம் பார்த்து ஆபரேஷன் செய்வான். அதுவரையில் நோயாளி காத்திருப்பானா?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

கடைசியாகப் பெற்றோர்களுக்கு. பிள்ளை டாக்டரானால் குடும்பத்துக்குக் கௌரவம் என்று நினைக்கிறீர்கள். நியாயமே. ஆனால் உங்கள் கௌரவத்தைப் பிள்ளையின் கழுத்தில் கல்லாகக் கட்டாதீர்கள். பரீக்ஷை போயிற்றே என்று உயிரை விட்ட பிள்ளைகளைப் பற்றி வருஷந்தோறும் பத்திரிகையில் பார்க்கிறோம். 720க்கு இவ்வளவு என்பது, ஒரு நாளில் மூன்று மணி நேரத்தில் எவ்வளவு விடை எழுதினான் என்பதற்குக் கணக்கு. அது பிள்ளையின் விலை அல்ல. அந்த வாசல் நேற்று வேறு மாதிரி இருந்தது, நாளை வேறு மாதிரி இருக்கும். பிள்ளை போய்விட்டால் திரும்பி வரமாட்டான். முடிவு வந்த அன்று பிள்ளையைத் தனியே விடாதீர்கள். "போனால் போகட்டும், சாப்பிடு வா" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு இருக்கும் சக்தி ஆயிரம் அர்ச்சனைக்கு இல்லை.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு இன்னொன்று. மகன் இரண்டாந்தடவை எழுதினால் "முயற்சி" என்கிறீர்கள். மகள் இரண்டாந்தடவை எழுதினால் "வயசாகிறது, வரன் பார்க்கலாம்" என்கிறீர்கள். புதுக்கோட்டைப் பெண்ணுக்கு அவர் தகப்பனார் அப்படிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பாகத்தைப் புஸ்தகத்துக்குக் கொடுங்கள். ஜோசியனுக்கும் பரிகாரத்துக்கும் கொடுப்பதை முழுவதும் கொடுத்துவிடுங்கள்.

வாசலில் என்னைக் கேட்ட அம்மா! உங்கள் பிள்ளைக்கு நான் வேறு வழி எதுவும் சொல்லப்போவதில்லை. அவன் தலையில் எழுத்து இல்லை என்று நீங்கள் சொன்னது மெத்தச் சரி. யார் தலையிலும் இல்லை. எழுதவேண்டியது அவன் கையில் இருக்கிறது, அவனுக்குத் திறக்கவேண்டிய கதவு நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. இரண்டையும் செய்வோம்.